சனிக்கு இரண்டு தேதி

கண்டாச்சிபுரத்துப் பாறைகள் பகலில் வாங்கிய வெயிலை இரவு ஒன்பது மணி வரைக்கும் விடாமல் வைத்திருக்கும். 2025 செப்டம்பரில் ஒரு நாள், அப்படிச் சூடு ஆறாத பாறை ஒன்றின் மேல் சின்னத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்திவிட்டு நானும் நண்பரும் உட்கார்ந்திருந்தோம். கிழக்கே சனி நன்றாக மேலே வந்திருந்தது. மல்லாட்டைக் கொல்லைக்குப் பன்றிக் காவல் வந்த பெரியவர் டார்ச் வெளிச்சத்தோடு எங்களிடம் வந்தார். புதையல் தேடுகிறவர்கள் என்று முதலில் நினைத்தாராம். சனியைப் பார்க்கிறோம் என்றதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொலைநோக்கியில் கண் வைத்தார்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “வளையம்னு சொன்னீங்க. ஊசி குத்தின எலுமிச்சம்பழம் மாதிரியில்ல இருக்கு.”

அவர் சொன்னது அப்படியே சரி. 2025 மார்ச் 23 அன்று சனியின் வளையத் தளம் பூமியைக் கடந்தது. வளையங்களின் விட்டம் ஏறக்குறைய 2.8 லட்சம் கிலோமீட்டர். ஆனால் கனம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். அதைப் பக்கவாட்டில் பார்த்தால் கோடுகூடத் தெரியாது. பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை இப்படி ஆகும். இதற்கு முன் 2009இல் ஆனது. செப்டம்பரில் அது மெல்லிய கோடாக மட்டும் திரும்பியிருந்தது.

ஆனால் பெரியவருக்கு வளையம் முக்கியமில்லை. “அது கிடக்கட்டும் தம்பி. இவரு பேந்துட்டாரா, பேரலியா? எம் பையனுக்கு மகர ராசி, வேலை கெடைக்காம இருக்கான். ஏழரை முடிஞ்சி போச்சுன்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னும் ஆறு மாசம் இருக்குன்னு இன்னொருத்தர் சொல்றாரு. நீங்கதான் கண்ணாலயே பாக்குறீங்களே, சொல்லுங்க.”

கண்ணால் பார்க்கிறவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான் அது. அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

வெறும் கண்ணுக்கு எளிதாகத் தெரியும் கோள்களில் கடைசி சனி. சூரியனிலிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர். அங்கிருந்து புறப்படும் சூரிய ஒளி நம்மைத் தாண்டிப் போய் அதைத் தொட ஏறக்குறைய 80 நிமிடம் ஆகும். கோடிகள் மனதில் நிற்காது என்பதால் ஊர்க்கணக்கில் சொல்கிறேன். கண்டாச்சிபுரத்தில் ஆறு மாடி உயரத்துக்கு ஓர் உருண்டையை வைத்து அதைச் சூரியன் என்று கொள்வோம். பூமி இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தேங்காய். சனி பத்தொன்பதாவது கிலோமீட்டரில், திருக்கோவிலூர்ப் பக்கம், ஓர் ஆள் உயரப் பந்து. இடையில் செவ்வாயும் வியாழனும் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

தூரத்தில் இருப்பது மெதுவாக நகர்வதற்குக் காரணம் இரண்டு. சுற்ற வேண்டிய பாதை நீளம். அதோடு, அவ்வளவு தூரத்தில் சூரியனின் பிடி தளர்ந்துவிடுவதால் ஓட்டமும் குறைவு. பூமி விநாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போகிறது, சனி 10 கிலோமீட்டர்கூடப் போவதில்லை. ஒரு சுற்றுக்கு 29 வருடமும் ஐந்தரை மாதமும் ஆகிறது. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை வருடம். ஜென்ம ராசிக்கு முந்தைய ராசி, ஜென்ம ராசி, அடுத்த ராசி என்று மூன்று இரண்டரைகளைக் கூட்டினால் ஏழரை. நாட்டில் எல்லோரும் பயப்படும் அந்த எண் கெப்ளர் விதியிலிருந்து நேராக இறங்கி வந்த எண்.

இங்கே சின்னக் கணக்கு ஒன்று. பன்னிரண்டு ராசியில் மூன்று எப்போதும் ஏழரையில் இருக்கும். அதாவது எந்த நாளில் கணக்கெடுத்தாலும் நாலு பேரில் ஒருவருக்கு ஏழரை நடந்துகொண்டிருக்கும். அஷ்டமச் சனி, அர்த்தாஷ்டமச் சனி இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஐந்து. கண்டகச் சனியையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேருக்குக் குறையாமல் சனி தொந்தரவில் இருப்பார்கள். ஊரில் எந்தத் துன்பம் வந்தாலும் காரணம் காட்ட ஆள் கிடைத்துவிடுகிறது.

சமஸ்கிருதத்தில் இந்தக் கோளின் பெயர் ‘சனைச்சரன்’. மெல்ல நடப்பவன் என்று பொருள். ‘மந்தன்’ என்ற இன்னொரு பெயருக்கும் அதே பொருள்தான். சனைச்சரன் நம் வாயில் புகுந்து சனீஸ்வரன் ஆனான். நடையைக் குறித்த சொல்லில் ‘ஈஸ்வரன்’ ஒட்டிக்கொண்டது. ஈஸ்வரப் பட்டம் வாங்கிய ஒரே கிரகம் என்று இன்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். பட்டம் கொடுத்தது சிவபெருமானா, நம்முடைய உச்சரிப்பா என்பதை வாசகர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

இந்த நடையைப் பிடித்துக்கொண்டே போனால் சனியைப் பற்றிய அடையாளங்கள் ஒவ்வொன்றாக அவிழும். மெதுவாக நடப்பதால் காலில் ஊனம் என்று புராணம் சொல்லிற்று. அந்த ஊனம் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல. வானத்தில் கண்ட நடை முதலில், கதைகள் பிறகு. மெதுவாகப் போவதால் கிழத்தன்மை, பொறுமை, தாமதம், நீண்ட ஆயுள் எல்லாம் அவன் பொறுப்பு. ஆயுள்காரகன் என்று ஜோதிடம் சொல்வது பொருத்தமான தேர்வு. ஒரு மனிதன் பார்க்கக்கூடிய கோள்களில் வாழ்நாளை அளக்கும் அளவுக்கு நீளமான முள் சனி ஒன்றுதான். சந்திரன் மாதத்துக்கு, சூரியன் வருடத்துக்கு, வியாழன் பன்னிரண்டு வருடத்துக்கு. சனி ஒரு சுற்று வருவதற்குள் கல்யாணம் ஆகிவிடும், இரண்டாம் சுற்று முடியும்போது பேரன் பிறந்துவிடுவான். மூன்று சுற்றுப் பார்த்தவர்கள் ஊரில் சிலர்தான். மங்கு, பொங்கு, மரணம் என்று அந்தச் சுற்றுகளுக்குப் பெயர் வைத்தவர்கள் மனித ஆயுளைச் சனியின் முழக்கோலால் அளந்திருக்கிறார்கள்.

அறுபதாம் கல்யாணத்தின் அறுபதும் இதே சரக்குதான். வியாழன் ஐந்து சுற்று முடிக்க 59.3 வருடம், சனி இரண்டு சுற்று முடிக்க 58.9 வருடம். அறுபது வயதில் இரண்டு மெதுவான கோள்களும் ஒருவர் பிறந்தபோது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் வந்து நிற்கின்றன. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருட வட்டமும் இந்த ஒத்திசைவோடு சேர்ந்து போகிறது.

நிறம் மட்டும் பொருந்தவில்லை. எள், காகம், இரும்பு, நீலக்கல், கறுப்புத் துணி என்று சனிக்கு நாம் கொடுத்தவை அத்தனையும் இருட்டு. கண்ணுக்குத் தெரியும் சனியோ மங்கிய மஞ்சள், நல்லெண்ணெய் விளக்கின் சுடர் போல. சூரியனுக்கும் சாயாதேவிக்கும், அதாவது வெயிலுக்கும் நிழலுக்கும் பிறந்தவன் என்ற கதைதான் அந்தக் கறுப்புக்கு வழி காட்டுகிறது என்பது என் ஊகம். வெளிச்சத்திலிருந்து எல்லாரையும் விடத் தள்ளி இருப்பவன் நிழலின் பிள்ளையாக இருக்கத்தானே வேண்டும்.

தமிழிலும் அவன் கறுப்புதான். நிகண்டுகள் சனியைக் ‘காரி’ என்கின்றன. புறநானூற்றில் கபிலர் பாரியின் நாட்டைப் பாடும்போது ‘மைம்மீன்’ என்று ஒரு மீனைக் குறிப்பிடுகிறார். அது புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தெற்கே போனாலும் பாரியின் நாட்டில் மழை பொய்த்ததில்லை என்பது பாட்டின் கருத்து. மைம்மீன் என்பது சனி என்று உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சனி கெடுதி செய்யும் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கிறது, நல்ல அரசன் இருந்தால் அது ஒன்றும் செய்யாது என்று சொல்லும் துணிச்சலும் இருந்திருக்கிறது. அந்தக் கபிலர் கடைசியாக வந்து சேர்ந்த இடம் நம் பக்கத்துத் திருக்கோவிலூர். பெண்ணையாற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றை இன்றும் காட்டுகிறார்கள். அந்தச் சீமையை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் பெயரிலும் ‘காரி’ இருப்பது தற்செயல்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

பெரியவரின் கேள்விக்கு வருவோம். திருக்கணித பஞ்சாங்கப்படி சனி மீன ராசிக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கிய பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றும் கோயில் என்பதால் 2025இல் அங்கே பெயர்ச்சி விழா இல்லை என்று அறிவித்தார்கள். இது இந்த ஒரு தடவை வந்த குழப்பமும் இல்லை. கும்பத்துக்குத் திருக்கணிதத்தில் 2023 ஜனவரி 17, வாக்கியத்தில் 2023 டிசம்பர் 20. மகரத்துக்குத் திருக்கணிதத்தில் 2020 ஜனவரி 24, வாக்கியத்தில் 2020 டிசம்பர் 27. ஒவ்வொரு தடவையும் பதினோரு மாத இடைவெளி. தேதி கூட்டி எழுதும் அச்சகத்துப் பிழையாக இருந்தால் இப்படி ஒரே அளவில் வராது. ஒரே அளவில் வருகிறது என்றால் உள்ளே ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது.

வாக்கியம் என்பது மனப்பாடக் கணிதம். எழுத்துக்கு எண் என்று ஒரு முறை வைத்து, கோள்களின் இருப்பிடங்களைச் சிறு சிறு வாக்கியங்களாகக் கட்டினார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியம். இந்த வாக்கியங்களை ஒப்பிக்கத் தெரிந்தவர் பென்சிலே தொடாமல் கிரகணம் கணித்துவிடுவார். இங்கிருந்து கிழக்கே ஒரு பேருந்து தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் இதற்குச் சாட்சி உண்டு. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1769 ஜூனில் மேகம் மூடியதால் ஏமாந்து நின்ற பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்டி, அங்கிருந்த தமிழ்க் கணிதரிடம் இந்த முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அன்று ஐரோப்பாவில் பேர் பெற்றிருந்த தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. பின்னர் ஜான் வாரன் என்பவரும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கியே 1825ஆம் வருட கிரகணத்தைக் கணித்ததைப் பார்த்து, அதே வருடம் வெளியான ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்தார்.

இவ்வளவு நுட்பமான முறை சனி விஷயத்தில் மட்டும் பதினோரு மாதம் ஏன் தவறுகிறது?

ஆரியபட்டர் கி.பி. 499ஐ ஒட்டி எழுதிய நூலில், 43,20,000 வருடத்தில் சனி 1,46,564 சுற்று வரும் என்று வைத்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 10,766 நாள். இன்றைய அளவீடு 10,759 நாள். வித்தியாசம் ஏழு நாள்கூட முழுதாக இல்லை. இரும்புக் குழாயும் கண்ணாடி வில்லையும் இல்லாத காலத்தில், ஒரு ஆள் தன் வாழ்நாளில் இரண்டு தடவைதான் முழுதாகப் பார்க்கக்கூடிய ஒரு சுற்றை இந்த அளவுக்குப் பிடித்தவர்களைப் பார்த்துக் கைதான் எடுக்க வேண்டும். நாளைக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பின்தங்கும் கடிகாரத்துக்கு அது சமம்.

ஆனால் அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்காமல் ஆயிரத்து ஐந்நூறு வருடம் ஓடவிட்டால்? ஆரியபட்டர் காலத்திலிருந்து இன்று வரை சனி ஏறக்குறைய 52 சுற்று வந்திருக்கிறது. சுற்றுக்கு ஏழு நாள் பிசகு என்றால் மொத்தம் 350 நாளை ஒட்டி வரும். இது விரல்விட்டு எண்ணும் கணக்கு. இடையில் வந்தவர்கள் சில திருத்தங்கள் சேர்த்திருக்கிறார்கள், இரண்டு பஞ்சாங்கங்களும் ராசிகளை எண்ணத் தொடங்கும் புள்ளியிலும் சின்ன வேறுபாடு உண்டு. ஆனாலும் பதினோரு மாதத்தின் பூர்விகம் இங்கேதான். தாத்தா சுவரில் மாட்டிய கடிகாரத்துக்குப் பேரன் சாவி மட்டும் கொடுத்துவந்தான், முள்ளைத் தொடவில்லை.

தொடக்கப் புள்ளி வேறு என்பதால்தான் தேதி வேறு, இரண்டுமே சரிதான் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கேட்க இதமாக இருக்கும், நிற்காது. தொடக்கப் புள்ளி நகர்ந்தால் எல்லாக் கோளின் பெயர்ச்சியும் சேர்ந்து நகர வேண்டும். குருப்பெயர்ச்சியைப் பாருங்கள். 2025இல் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் மூன்று நாள்தான் வித்தியாசம், மே 11, மே 14. 2024இல் இரண்டுமே மே 1. வியாழன் ஒழுங்காக இருக்கும்போது சனி மட்டும் பதினோரு மாதம் பின்தங்குகிறது என்றால் பிசகு சனியின் கணக்கில்தான்.

இதை வானமே ஒரு நாள் வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2020 டிசம்பர் 21 மாலை வியாழனும் சனியும் தென்மேற்கு வானில் பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கின. முழு நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. பலருக்கு ஒரே நட்சத்திரம் போலத் தெரிந்தது. உலகம் முழுக்க மேகம் விட்ட இடத்தில் எல்லாம் மக்கள் பார்த்தார்கள். அந்த மாலையில் வாக்கியப் பஞ்சாங்கம் என்ன சொல்லிற்று? நவம்பர் 15 அன்றே குரு மகரத்துக்குப் போய்விட்டார். சனியோ டிசம்பர் 27 வரை தனுசில். குரு மகரத்துக்குள் நுழைந்து ஐந்து வாரம் ஆகி, ஏழு பாகை உள்ளே போயிருந்தார். சனி இன்னும் எல்லைக்கு வெளியே நிற்கிறார். வானத்தில் தோளோடு தோள் உரசிய இரண்டு பேருக்கு நடுவில் பஞ்சாங்கத்தில் பதினான்கு நிலவை வரிசையாக அடுக்கலாம். கையை நீட்டி முட்டி பிடித்தால் அது வானத்தில் பத்து பாகையை மறைக்கும். ஏழு பாகைப் பிழையைக் கண்டுபிடிக்க விண்கலம் வேண்டாம், அந்த முட்டி போதும்.

வாக்கியத்தைப் பழிப்பது என் எண்ணம் இல்லை. கோயில் விழாவுக்கு மரபு வழி வந்த நாட்காட்டி அது. அந்த வேலையை அது செய்யட்டும். ஆனால் ‘இன்று சனி வானத்தில் இந்த இடத்தில் இருக்கிறது’ என்று அதை வைத்துச் சொன்னால் அது உண்மை இல்லை. திருக்கணிதம் என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. ‘திருக்’ என்றால் பார்வை. கண்டதோடு ஒத்துப்போகும் கணக்கு. சென்னை நுங்கம்பாக்கம் வான்நோக்ககத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்காகத்தான் போராடினார். பகலில் பஞ்சாங்கம், இரவில் தொலைநோக்கி என்று இரண்டையும் கையாண்ட அபூர்வ மனிதர் அவர். 1867இல் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874இல் சுக்கிரக் கடப்பு வந்தபோது ஊர் மக்களுக்கு விளங்கும்படி சிறு நூல் எழுதினார்.

அதே நுங்கம்பாக்கம் வான்நோக்ககத்துக்குச் சனியோடு நேரடிச் சொந்தமும் உண்டு. சனியின் பிரகாசமான வளையங்களுக்கு உள்ளே மெல்லிய துணி போல ஒரு மங்கல் வளையம் இருக்கிறது. அதன் வழியாக ஊடுருவிப் பார்க்க முடிகிறது, பின்னால் இருக்கும் கோள் தெரிகிறது என்று 1852இல் அங்கிருந்து கண்டவர் டபிள்யூ. எஸ். ஜேக்கப். அதே சமயத்தில் லாசெல் என்பவரும் தனியாகக் கண்டார். வளையம் தகடு அல்ல, தனித்தனித் துகள்களின் கூட்டம் என்ற முடிவுக்கு அறிவியல் வந்த வழியில் அது ஒரு படி. இன்று நமக்குத் தெரியும், பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள், தூசி அளவிலிருந்து வீட்டின் அளவு வரை. 2004 முதல் 2017 வரை காசினி கலம் பதிமூன்று வருடம் அங்கேயே சுற்றி எல்லாவற்றையும் படம் எடுத்து, கடைசியில் சனிக்குள்ளேயே விழுந்து எரிந்தது. ராசிக் கணக்கில் சொன்னால் ஏழரைக்கும் மேலே ஐந்தரை வருடம் அதிகமாகச் சனி பிடித்த கலம் அது. கெடுதல் ஒன்றும் நேரவில்லை, படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தது.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். திருநள்ளாற்றுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகின்றன என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வரும். தாழ்வான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாமல் தாங்குகிறது. நின்றால் விழும். சனியின் ஈர்ப்பு கடலை இழுக்கும் அளவைக் கணக்கிட்டால், சந்திரன் இழுப்பதில் முப்பது லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. உடலையும் மனதையும் அது பிடித்து ஆட்டுவதற்கு இயற்பியலில் எந்தக் கயிறும் கிடைக்கவில்லை. திருநள்ளாற்றுத் தர்ப்பாரண்யேஸ்வரரை வணங்க இந்த வதந்தியின் சிபாரிசு யாருக்கும் தேவையில்லை.

வக்கிரம் பற்றியும் ஒரு வார்த்தை, பெரியவர் அதையும் கேட்டார். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை நம் பேருந்து முந்தும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். தூரத்துக் குன்றை வைத்துப் பார்த்தால் டிராக்டர் பின்னால் போவது போலத் தோன்றும். டிராக்டர் முன்னேதான் போகிறது. பூமி 378 நாளுக்கு ஒரு முறை சனியை இப்படி முந்துகிறது, ஏறக்குறைய நாலரை மாதம் சனி பின்னோக்கிப் போவது போலத் தெரிகிறது. வக்கிரம் என்பது நம் பேருந்தின் வேகம்.

சனிக்கு அப்பால் என்ன என்ற கேள்வி யாருக்கும் எழாமல் பல ஆயிரம் வருடம் ஓடியது. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். சூரியனிலிருந்து 287 கோடி கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 84 வருடம். நல்ல இருட்டில் கூர்ந்த கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். 1690இலேயே ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து நட்சத்திரம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவ்வளவு மெதுவான நடை, நடப்பதே தெரியவில்லை.

யுரேனஸுக்கு நம் ஜோதிடத்தில் இடம் கிடைக்கவில்லை. ஒன்பது நாற்காலியும் நிரம்பியிருந்தன. அதில் இரண்டு, ராகுவும் கேதுவும், கோள்கள்கூட அல்ல, சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகள். யுரேனஸுக்குக் கிழமை இல்லை, தானியம் இல்லை, வாகனம் இல்லை. மேல்நாட்டு ஜோதிடர்கள் அதற்குப் புரட்சியையும் மின்சாரத்தையும் திடீர் மாற்றத்தையும் ஒதுக்கினார்கள். அமெரிக்கப் போரும் பிரெஞ்சுப் புரட்சியும் நடந்த காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். நம் ஊரில் சில ஜோதிடர்கள் அதையும் ஜாதகக் கட்டத்தில் போடுகிறார்கள். எனக்கு இந்த இரண்டு அடையாளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் சனி மேல் மரியாதை கூடுகிறது. சனியின் குணங்கள் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்தவர்கள் அதன் நடையிலிருந்து எடுத்தவை. யுரேனஸின் குணங்கள் அன்றைய செய்தித்தாளிலிருந்து எடுத்தவை.

அந்த யுரேனஸ் விஷயத்தில் நம் பக்கத்து மலை ஒன்று உலகச் சரித்திரத்தில் ஏறியது. கண்டாச்சிபுரத்திலிருந்து வடமேற்கே, நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்ககம். 1977 மார்ச் 10 இரவு, நம் நேரப்படி மறுநாள் விடியலுக்கு முன், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போக இருந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தார்கள். யுரேனஸ் வருவதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் கண் சிமிட்டியது. இடையில் எதுவோ குறுக்கே போயிருக்கிறது. அறியப்படாத துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்கக் குழு கோளுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரிச் சிமிட்டல்களைப் பதிந்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு. அதுவரை வளையம் என்றால் சனி மட்டும்தான்.

மகர ராசிப் பையனின் தகப்பனாருக்கு என் பதில் இதுதான். ஐயா, வானத்தில் சனி 2025 மார்ச்சிலேயே மீன ராசியின் எல்லையைத் தாண்டிவிட்டது. கோயிலில் விழா 2026 மார்ச்சில். பையனுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இந்த இரண்டு தேதியையும் பொறுத்தது இல்லை. அவனை மறுபடியும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் மொரட்டாண்டியில் 27 அடி உயரத்துக்குச் சனீஸ்வரரை நிறுத்தியிருக்கிறார்கள். போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். இரவில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அண்ணாந்தால் அசலையே பார்க்கலாம். 2026 அக்டோபர் 4 அன்று சனி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அன்று சூரியன் மறையும்போது கிழக்கே எழும், நள்ளிரவில் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும், இமைக்காமல் ஒளிரும். நல்ல பைனாகுலர் இருந்தால் சற்று நீண்ட புள்ளியாகத் தெரியும். சின்னத் தொலைநோக்கி இருந்தால் எலுமிச்சம்பழத்தில் குத்தின ஊசி கொஞ்சம் அகன்றிருப்பதையும் பார்க்கலாம்.